புகைவாயு மீள்சுழற்சிப் பழுதும் எச்சரிக்கை விளக்கின் மொழியும்

வாகனத்தின் டாஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான சிறிய மஞ்சள் விளக்கொன்று எரியத் தொடங்கிவிட்டால் அதன் உரிமையாளருக்கு அன்றிரவு நித்திரை வருவதில்லை. வாகனம் ஓடுகின்றது, சத்தம் எதுவும் மாறவில்லை, ஆனாலும் விளக்கு அணைவதாயில்லை. கராஜுக்குக் கொண்டுசென்றால் கையடக்க ஸ்கானர் ஒன்றைப் பொருத்திப் பார்த்து ஓர் இலக்கத்தைச் சொல்கின்றார்கள். அந்த இலக்கத்தைத் தொடர்ந்து ஓர் உதிரிப்பாகத்தின் பெயரும், அதன் விலையும் வந்து சேருகின்றன. இலக்கத்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் இடையில் நடைபெற வேண்டிய விசாரணை பல வேளைகளில் நடைபெறுவதேயில்லை. எமது சாதாரண வாகன உரிமையாளர்களின் பணம் விரயமாகும் இடம் அதுவேயாகும்.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு வாடகை வான் ஓட்டும் எமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். அவருடைய பழைய டீசல் வானில் விளக்கு எரிந்தது. ஸ்கானர் காட்டிய இலக்கம் பி 0401. 'ஈ.ஜி.ஆர். வால்வு போய்விட்டது, மாற்றவேண்டும்' என்றார்கள். வீட்டிலிருந்த நகையொன்றை அடகு வைத்துப் புதிய வால்வு வாங்கிப் பொருத்தினார். விளக்கு அணைந்தது. இரண்டு வாரங்களின் பின்னர் மீண்டும் எரிந்தது. இம்முறை அவர் நாடிச்சென்ற வயது முதிர்ந்த மெக்கானிக் ஸ்கானரைக் கையிலெடுக்கும் முன்னர் டோர்ச் வெளிச்சத்தில் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். வால்வுக்கு வெற்றிட அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் விரற்கடை அளவான றப்பர் குழாயொன்று வெடித்திருந்தது. அதை மாற்றியதுடன் விவகாரம் முடிந்தது. "தம்பி, லைட் எரிஞ்சா சாமான் போச்சுது எண்டு அர்த்தமில்ல. எங்கயோ கணக்கு இடிக்குது எண்டுதான் அர்த்தம்" என்று அம்முதியவர் கூறினாராம். கலைப்பட்டதாரியான எமக்கு எஞ்சின் பற்றிய பல நூல்கள் விளக்காததை அந்த ஒரு வசனம் விளக்கியது.

எஞ்சின் தனது புகையைத் தானே உள்ளிழுப்பது ஏன்?

புகைவாயு மீள்சுழற்சி என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைவாயுவின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தும் ஏற்பாடாகும். கராஜ்களில் இதனை ஈ.ஜி.ஆர். என்று சுருக்கமாக அழைப்பர். கேட்டவுடன் இது விசித்திரமாகத் தோன்றலாம். வெளியே தள்ளவேண்டிய அழுக்கை உள்ளே எடுப்பானேன் என்ற கேள்வி எழுவதும் இயல்பே.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசன். சாதாரண வெப்பநிலையில் அது ஒட்சிசனுடன் எளிதில் சேர்வதில்லை. ஆனால் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் கணத்தில் வெப்பநிலை சுமார் 1,370 பாகை செல்சியசைத் தாண்டும்போது இரண்டும் வேகமாகச் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. இவை சுவாசக் குழாய்களை உறுத்துபவை. ஆஸ்துமா நோயாளரைப் பெரிதும் வாட்டுபவை. எரியாத ஐதரோகாபன்களுடன் சூரிய ஒளியில் இவை தாக்கமுற்று, தரைமட்ட ஓசோனைக் கொண்ட நச்சுப் புகார் உருவாகின்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகாருக்கு மோட்டார் வாகனங்களின் புகை முக்கிய காரணம் என்பதை, கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் இரசாயனவியல் அறிஞர் ஹாகன்-ஸ்மிட் 1950களில் எடுத்துக்காட்டினார். அதன் வழியில் வந்த சட்டங்களின் விளைவாக 1970களின் முற்பகுதியில் அமெரிக்கக் கார்களில் இந்த மீள்சுழற்சி முறை பரவலாயிற்று.

இதன் தத்துவம் எளிமையானது. ஒருமுறை எரிந்து முடிந்த புகைவாயுவில் ஒட்சிசன் குறைவு. அது சிலிண்டரில் ஓரளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு, எரிதலில் பிறக்கும் வெப்பத்தின் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொள்கின்றது. உச்ச வெப்பநிலை தணிகின்றது; நைதரசன் ஒட்சைட்டுகளும் குறைகின்றன. கொதிக்கும் உலையில் தண்ணீர் தெளித்து அடக்குவதற்கு இதனை ஒப்பிடலாம். எனினும் அளவு முக்கியம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் முழு வலுவும் தேவைப்படும்போதும் புகைவாயு உள்ளே வரலாகாது. அந்த அளவைத் தீர்மானிப்பது ஈ.ஜி.ஆர். வால்வு. அதனைத் திறந்து மூடுவது பழைய வாகனங்களில் வெற்றிட அழுத்தம். புதியவற்றில் சிறிய மின்மோட்டார். உள்ளே வரும் வாயுவைக் குளிரவைக்க, கூலன்ட் பாயும் குளிரூட்டி ஒன்றும் பல எஞ்சின்களில் உண்டு.

கணினி கண்ணால் காண்பதில்லை

வாகனத்தின் கணினி வால்வைத் திறக்குமாறு கட்டளையிடுகின்றது. ஆனால் புகைவாயு உண்மையில் பாய்ந்ததா என்பதை அதனால் நேரடியாகப் பார்க்க முடியாது. அது ஊகித்தே அறிகின்றது. பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் வால்வு திறந்ததும் உட்செலுத்து குழாயின் அழுத்தம் மாறவேண்டும். மாறியதா என அழுத்த உணரியைக் கேட்கின்றது. டீசல் எஞ்சினில் புகைவாயு வந்தால் அந்தளவுக்குப் புதிய காற்று குறையவேண்டும். குறைந்ததா எனக் காற்றுமானியைக் கேட்கின்றது. சில வாகனங்களில் மீள்சுழற்சிக் குழாயின் வெப்பநிலையையும், வால்வின் திறப்பளவையும் கூறும் உணரிகள் உள்ளன.

ஆகவே கணினியின் முறைப்பாடு சாட்சிகளின் வாக்குமூலத்தை நம்பி எழுதப்படுவது. சாட்சி தவறாகச் சொன்னால் முறைப்பாடும் தவறும். அழுக்கேறிய காற்றுமானி பிழையான கணக்கைக் கொடுக்கலாம். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான குழாய் கசிந்தால், காற்றுமானியைக் கடந்துவந்த காற்று இடைவழியில் வெளியேறிவிடும்; கணினியோ புதிய காற்று தாராளமாகச் செல்கின்றது, புகைவாயுதான் போதவில்லை என்று முடிவுசெய்யும். இத்தகைய வாகனத்தில் எத்தனை புதிய வால்வுகளைப் பொருத்தினாலும் விளக்கு மீண்டும் எரியவே செய்யும்.

இலக்கங்கள் சொல்வதென்ன?

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து பொதுவான பழுதுக் குறியீட்டு முறை கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு 2004 அளவிலும் அது நடைமுறைக்கு வந்தது. குறியீட்டின் முதலெழுத்தான பி, எஞ்சினையும் வலுவைச் சில்லுகளுக்குக் கடத்தும் தொகுதியையும் குறிக்கின்றது. அடுத்துவரும் பூச்சியம், அக்குறியீடு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது என்பதைக் காட்டுகின்றது. அதனையடுத்த 4, புகைக் கட்டுப்பாட்டுத் துணை அமைப்புகளுக்குரியது. கடைசி இரு இலக்கங்களே பழுதின் தன்மையைக் கூறுகின்றன.

பி 0400 என்றால் புகைவாயுப் பாய்ச்சலில் பொதுவான குறைபாடு. பி 0401 என்றால் எதிர்பார்த்ததை விடக் குறைவாகப் பாய்கின்றது. கரிப்படிவால் அடைபட்ட வழி, திறக்காத வால்வு, வெடித்த வெற்றிடக் குழாய், பொய் சொல்லும் உணரி ஆகிய அனைத்தும் இதன் சந்தேக நபர்கள். பி 0402 என்றால் அளவுக்கு மேல் பாய்கின்றது. வால்வின் வாயில் கரித்துண்டு சிக்கி அது முற்றாக மூடாமல் நிற்பது இதற்கு வழமையான காரணம். அவ்வாறான வாகனம் நின்ற நிலையில் நடுங்கும். டீசலாயின் கரும்புகை தள்ளும்.

பி 0403 வால்வை இயக்கும் மின்சுற்றைப் பற்றியது. பி 0404 கட்டளையிட்ட அளவுக்கும் வால்வு திறந்த அளவுக்கும் பொருத்தமில்லை என்பது. பி 0405, பி 0406 ஆகிய இரண்டும் வால்வின் நிலையைக் கூறும் உணரியின் மின்சமிக்ஞை முறையே மிகக் குறைவாகவோ மிகக் கூடுதலாகவோ உள்ளது என்பவை. இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். 0401, 0402 என்பன பாய்ச்சலைப் பற்றிய முறைப்பாடுகள்; 0403, 0405, 0406 என்பன மின்சாரத்தைப் பற்றியவை. மின்சுற்றில் வயர் அறுந்திருக்கும்போது வால்வைக் கழற்றிக் கரி சுரண்டுவது வீண்வேலை. வழி அடைபட்டிருக்கும்போது வயரை மாற்றுவதும் அவ்வாறே.

சோதனையின் ஒழுங்கு

முதலாவதாக, குறியீட்டை உடனே அழித்துவிடக் கூடாது. அதனுடன் சேர்த்து, பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, சுமை ஆகியன எவ்வாறிருந்தன என்பதையும் கணினி பதிந்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அத்தடயமும் அழிந்துவிடும். வேறு குறியீடுகளும் இருந்தால் அவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். காற்றுமானிக்கான குறியீடும் கூடவே இருப்பின் விசாரணையை அங்கிருந்து தொடங்குவதே முறை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியான பழைய வாகனங்கள் சிலவற்றுடன் சாதாரண ஸ்கானர் முழுமையாகப் பேசாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, கண்ணால் பார்ப்பது. வெடித்த குழாய்கள், கழன்ற மின்னிணைப்புகள், எலி கடித்த வயர்கள், புகை கசிந்த கறுப்புத் தடங்கள் ஆகியவற்றைத் தேடுவதற்குச் செலவேதுமில்லை.

மூன்றாவது, வால்வை வேண்டுமென்றே திறந்து பார்ப்பது. தரமான ஸ்கானரால் வால்வுக்குக் கட்டளை அனுப்பலாம். வெற்றிடத்தால் இயங்கும் வால்வாயின் கைப்பம்பினால் இழுத்துப் பார்க்கலாம். பெற்றோல் எஞ்சின் நின்ற நிலையில் மெதுவாக இயங்கும்போது வால்வைத் திறந்தால் அது தடுமாறவேண்டும், சிலவேளை நின்றுவிடவும் வேண்டும். டீசல் எஞ்சின் அந்தளவுக்குத் தடுமாறாது. ஆனால் காற்றுமானியின் அளவு குறைவதை ஸ்கானரில் காணலாம். வால்வு திறந்தும் எஞ்சினில் மாற்றமேதும் இல்லையெனில் புகைவாயு செல்லும் வழி அடைபட்டுள்ளது. கைப்பம்பின் வெற்றிடம் நிலைக்காமல் இறங்கிவிடுமாயின் வால்வின் மென்றகடு கிழிந்துள்ளது. கைப்பம்பினால் இழுக்கும்போது எஞ்சின் தடுமாறி, வாகனம் தானாக ஓடும்போது மட்டும் வால்வு திறவாவிடின், வால்வும் வழியும் நல்லவை. அதனை இயக்கும் குழாயிலோ சொலினொயிட்டிலோ கட்டளையிலோதான் குறை உள்ளது. எமது நண்பரின் வானில் இந்த ஒரு சோதனை முதலில் நடந்திருந்தால் அவருடைய நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது.

நான்காவது, மின்சாரக் குறியீடாயின் மல்டிமீற்றரை எடுக்கவேண்டும். நிலை உணரிகள் பெரும்பாலானவற்றுக்குக் கணினி 5 வோல்ட் வழங்குகின்றது. அந்த 5 வோல்ட் வருகின்றதா, பூமி இணைப்புச் சரியா, வால்வு அசையும்போது சமிக்ஞை சீராக ஏறி இறங்குகின்றதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே உணரியைக் குற்றஞ்சாட்டலாம்.

ஐந்தாவதாகவே கழற்றித் துப்புரவாக்குவது வருகின்றது. வால்வை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு, அதற்கு முன்னும் பின்னுமுள்ள வழிகளில் படிந்த கரியை அப்படியே விட்டுவிடுவது அரைவேலை. துப்புரவாக்கும் திரவம் மின்மோட்டாருக்குள் புகாமற் பார்த்துக்கொள்வதும், பழைய காஸ்கட்டை மீண்டும் பாவிக்காதிருப்பதும் அவசியம். மின்வால்வுகள் பலவற்றுக்கு, மீண்டும் பொருத்திய பின்னர் அவற்றின் மூடிய நிலையைக் கணினிக்குப் புதிதாகக் கற்பிக்கவும் வேண்டும். இவற்றை எஞ்சின் ஆறிய பின்னர் செய்வதும், எஞ்சினை இயக்கிச் செய்யும் சோதனைகளைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துக்கொள்வதும் உயிர்ப் பாதுகாப்புக்கு உரியவை.

இறுதியாக, விளக்கு அணைந்ததைக் குணமடைந்ததாகக் கொள்ளக்கூடாது. ஸ்கானரால் அழித்தால் எந்த விளக்கும் அணையும். கணினி தனது சோதனையைக் குறிப்பிட்ட வேகத்திலும் வெப்பத்திலும் மட்டுமே நடத்துகின்றது. பெரும்பாலும் அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் அது தோல்வி கண்ட பின்னரே விளக்கு எரிகின்றது. சில நாட்கள் வழமைபோல் ஓட்டி, அச்சோதனை முடிவடைந்து தேறிவிட்டது என்று ஸ்கானர் காட்டும்போதே வேலை முடிந்தது எனலாம்.

விளக்கு எரியாத நோய்

மறுபுறத்தில், விளக்கு எரியாததும் சுகத்துக்கு உத்தரவாதமல்ல. எமது வீதிகளில் பெருகியுள்ள ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் இதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் தலைமுறை ரொயோட்டா பிரியஸ் காரின் 1.8 லீற்றர் பெற்றோல் எஞ்சினில் குளிரூட்டப்பட்ட மீள்சுழற்சி அமைப்பு உண்டு. காலப்போக்கில் அதன் குளிரூட்டியிலும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் வாயுவைப் பிரித்துக்கொடுக்கும் ஒடுங்கிய வழிகளிலும் கரி படிகின்றது. ஒரு சிலிண்டரின் வழி அடைபட்டால் அதன் பங்கும் மற்றவற்றுக்குப் போய்ச் சேருகின்றது. காலையில் எஞ்சின் தொடங்கும்போது கார் உலுக்குவதும், எரிதல் தவறியதாகக் குறியீடு பதிவாவதும் இவ்வாறு நிகழலாம், ஈ.ஜி.ஆர். குறியீடு ஒன்றேனும் இல்லாமலும் இருக்கலாம். அதேபோல், கூலன்ட் காரணமின்றிக் குறைந்துகொண்டே வருமாயின் குளிரூட்டியின் உட்கசிவையும் சந்தேகிக்க வேண்டும். தென்கொரியாவில் 2018இல் பீ.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் பல தீப்பற்றியபோது, மீள்சுழற்சிக் குளிரூட்டியிலிருந்து கசிந்த கூலன்ட் கரியுடன் சேர்ந்து படிந்து சூடான புகைவாயுவால் பற்றியதே காரணமெனக் கண்டறியப்பட்டு, கார்கள் பெருந்தொகையாக மீளழைக்கப்பட்டன.

தகடு வைத்து அடைப்பது தீர்வாகுமா?

இத்தனை சோதனைகளுக்குப் பதிலாகக் கராஜ்களில் முன்வைக்கப்படும் மலிவான யோசனை ஒன்றுண்டு. புகைவாயு வரும் வழியில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடுவது அது. விளக்கு எரிந்தால் மென்பொருளில் மாற்றம் செய்து அதையும் அணைத்துவிடலாம் என்பார்கள். இதனைச் சொல்பவர்களை முற்றாகக் குறைகூற முடியாது. மீளவரும் கரியும் எஞ்சின் ஒயிலின் ஆவியும் சேர்ந்து பிசினாகி உட்செலுத்து குழாயை ஒடுக்குவது உண்மையே. உதிரிப்பாகங்களின் விலையும் சாதாரண மனிதனுக்கு எட்டுவதாயில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் மக்கள் தம்மிடமிருந்த பழைய வாகனங்களையே எவ்வாறாயினும் ஓட்டிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

ஆயினும் கரி படிவதற்குக் காரணங்கள் உண்டு. கிட்டிய தூரங்களுக்கே ஓடும் வாகனம், காலந்தாழ்த்தி மாற்றும் ஒயில், ஒழுகும் இன்ஜெக்டர், அடைபட்ட காற்று வடிகட்டி ஆகியவற்றைச் சரிசெய்தால் படிவு பெருமளவு குறையும். தகடு இவற்றில் எதையும் தீர்ப்பதில்லை. பெற்றோல் எஞ்சினில் அது வெப்பத்தை ஏற்றி, எரிபொருள் உரிய கணத்துக்கு வெளியே வெடிக்கும் தட்டுச் சத்தத்துக்கும் இடமளிக்கின்றது.

இதைவிடப் பாரதூரமான விடயமொன்றும் உள்ளது. எமது நாட்டில் 2008இல் தொடங்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம், பெற்றோல் வாகனங்களில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும், டீசல் வாகனங்களில் புகையின் அடர்த்தியையும் அளப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. நைதரசன் ஒட்சைட்டுகள் அதில் அளக்கப்படுவதில்லை. மீள்சுழற்சியை அடைத்த டீசல் வானின் கரும்புகை சற்றுக் குறையவும் கூடும். அது பரிசோதனையில் தேறும். சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்கும். வானிலிருந்து வெளியேறும் நைத்திரிக் ஒட்சைட்டோ நிறமற்றது. பாடசாலை வாயிலில் நிற்கும் பிள்ளைக்கும் பஸ் தரிப்பிடத்தில் காத்திருக்கும் முதியவருக்கும் அது கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் மட்டும் போய்ச் சேரும்.

உலகப் பெரும் நிறுவனமொன்று இதையே நுட்பமாகச் செய்து அகப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. பரிசோதனை நடப்பதை உணர்ந்து அவ்வேளையில் மட்டும் புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கும் மென்பொருளை வோக்ஸ்வாகன் தனது டீசல் கார்களில் பொருத்தியிருந்தமை 2015 செப்டெம்பரில் அம்பலமானது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் கார்களில் அது இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. சான்றிதழில் சுத்தமாகவும் வீதியில் அசுத்தமாகவும் ஓடிய கார்கள் அவை. எமது ஊர்க் கராஜின் தகரத் துண்டும் சிறிய அளவில் அதையே செய்கின்றது.

ஆகவே வாகன உரிமையாளர்கள் கராஜில் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வது நன்று. குறியீட்டின் முழு இலக்கம் என்ன? இந்த உதிரிப்பாகம்தான் பழுது என்பதை எந்தச் சோதனை காட்டியது? கழற்றிய பழைய பாகத்தைப் பார்க்கலாமா? நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளால் கோபங்கொள்ளமாட்டார். சோதனைக்குச் செலவாகும் நேரத்துக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுக்க நாமும் தயங்கக்கூடாது. உதிரிப்பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவுக்குச் சில நூறு கொடுக்கப் பின்வாங்குவதனாலேயே, கண்டுபிடிக்காமல் மாற்றும் பழக்கம் கராஜ்களில் வேரூன்றியுள்ளது.

தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. பழுதுக் குறியீடுகளின் விளக்கங்களும் சோதனை ஒழுங்குகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலுமே கிடைக்கின்றன. கராஜில் எண்ணெய்க் கையுடன் நிற்கும் எமது இளைஞனுக்கு அவை தமிழில் கிடைக்குமாயின், ஸ்கானர் காட்டும் இலக்கத்தோடு அவனுடைய வேலை முடிந்துவிடாது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றிப் பார்க்கவும் அவன் கற்றுக்கொள்வான்.